கழித்தல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது

நாற்பத்து மூன்று கோப்புகள்.
மாதத்துக்கு ஒன்று.
அமைச்சகத்தின் இணையதளம்
இரவு பதினொன்றுக்கு மேல்தான் கொஞ்சம் மூச்சு விடும்.
ஜன்னலுக்கு வெளியே சிலியின் வடகரை,
பசிபிக்கிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம்,
அதற்குள் எங்கேயோ உருக்காலையின் சிவப்பு விளக்கு.

முதல் கோப்பிலேயே தகராறு.
எங்கள் நாட்டில் பன்னிரண்டரையைக்
காற்புள்ளி வைத்து எழுதுவோம்.
மென்பொருளோ முற்றுப்புள்ளிக்குப் பிறந்தது.
காற்புள்ளியைத் தூக்கிப் போட்டுவிட்டு
நூற்றிருபத்தைந்து என்றது.
ஒரே சொடுக்கில் பத்து மடங்கு தூசி.
எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம்.
பிறகு வெட்கமாக.

தேதியும் அப்படியே.
ஏப்ரல் மூன்றை மார்ச் நான்கு என்றது.
பன்னிரண்டாம் தேதி வரை கூசாமல் பொய் சொல்லிவிட்டுப்
பதின்மூன்றில் திருதிருவென்று முழித்தது.

எல்லாம் சரிசெய்து சராசரி கேட்டேன்.
ஜூலை: கழித்தல் இருபத்தெட்டு.
அதாவது, காற்றில் தூசியே இல்லை;
இல்லாததோடு நிற்காமல்
இன்னும் இருபத்தெட்டு நாங்கள்தான் அதற்குப் பாக்கி.

விளக்கக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில்
எறும்பெழுத்தில் இருந்தது பதில்:
அளவு கிடைக்காத மணிநேரங்களில்
கழித்தல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது
என்று இடப்படும்.

ஒரே வரிக் கட்டளை.
அத்தனையும் உதிர்ந்தன.
மிச்சமிருந்ததைக் கூட்டி வகுத்தால்
காற்று நல்ல காற்று,
வரைபடம் முழுக்கப் பச்சை.
கணக்கு எங்கேயும் உதைக்கவில்லை.
அதுதான் உதைத்தது.

பள்ளியில் நான் கணக்கு டீச்சர்.
பக்கத்து அறை நர்ஸ் எடெல்மிரா
கட்டம்போட்ட நோட்டில் எழுதி வைப்பாள்:
பெயர், வகுப்பு, மணி,
மூக்கில் ரத்தம், வீட்டுக்கு அனுப்பினேன்.
அவள் எழுத்தை எந்த மென்பொருளும் படிக்காது.
மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து தட்டச்சினேன்.
புதன். வெள்ளி. புதன். புதன். வெள்ளி.

உதிர்த்ததை எல்லாம் திரும்பக் கூட்டிவந்தேன்.
தூசியை விட்டுவிட்டு
இல்லாத மணிகளை மட்டும் வரையச் சொன்னேன்,
கறுப்பில்.
செவ்வாய் இரவு பதினொன்று முதல் ஆறு வரை.
வியாழன் இரவு பதினொன்று முதல் ஆறு வரை.
நாற்பத்து மூன்று மாதமும்
சீப்பின் பல்லாக நின்றது வெறுமை.

அண்ணன் மிர்க்கோவுக்கு அங்கேதான் இரவு ஷிப்ட்.
இந்தக் கணினியும் அவன் சம்பளத்தில் வாங்கியது.
காலையில் வந்தவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.
இது என்ன கறுப்பு என்று கேட்கவில்லை.
ஏற்கனவே கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்து
மறுபடியும் கழுவினான்,
நெடுநேரம்.

எழுதிக் கேட்டேன்.
பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது:
கருவிப் பராமரிப்பு.

இருக்கலாம்.
சேர்ந்து நடக்கிற இரண்டு பேர்
உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று
ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.
கருவிக்கும் தூக்கம் வேண்டும்.
அது ஏன் அந்த இரண்டு இரவும்
தவறாமல் தூங்குகிறது என்றுதான்
பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டேன்.

நேற்று வந்தது அதுவும்.
பொதுத் தகவல், யாரும் பார்க்கலாம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒவ்வொன்றும் புகைப்படம்,
சாய்த்துவைத்து எடுத்தது,
சில பக்கங்களில் யாரோ ஒருவரின் கட்டைவிரல்.
மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்த்தேன்.
நெடுவரிசைகள்: பூஜ்யம்.
வரிசைகள்: பூஜ்யம்.

மிர்க்கோ தூங்கிக்கொண்டிருக்கிறான்.
இன்றைக்கு வியாழன்.
விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திவைத்து
முதல் பக்கத்தைப் பெரிதாக்குகிறேன்.
தேதி, காற்புள்ளி, மணி, காற்புள்ளி.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கோடு.
கோடு என்றே தட்டச்சுகிறேன்.